என் இடுப்பைப் பார்க்க வந்தவர்கள்

எங்கள் தெருவில் யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். என் பெரியம்மா வீட்டுக்குத்தான் போவார்கள். பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. வைத்தியம் கியித்தியம் எதுவும் படித்தவள் இல்லை. ஒரே பிரசவத்தில் இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றவள், அந்த ஒன்றுதான் அவளுடைய பட்டம். இரட்டைப்பிள்ளை பெற்றவள் குதிகாலால் நீவிவிட்டால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து ஆட்கள் அவள் வீட்டு முன்னறையில் குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, அடுப்பில் கொதிக்கும் குழம்பைப் பற்றிப் பேசியபடியே ஒவ்வொருவர் இடுப்பிலும் காலை வைத்து இழுப்பாள். அந்த இரண்டு பிள்ளைகளும் பத்தாம் வகுப்பைத் தாண்டாமல் பஸ் ஸ்டாண்டில் நின்று பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களால் அவளுக்குக் கிடைத்த மரியாதை அந்தக் காலில் மட்டும்தான் இருந்தது.

என் முதுகு போனதற்கு யார் காரணம் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் நான் பெரியம்மாவை முதல் ஆளாகச் சொல்ல மாட்டேன். இரண்டாவது ஆளாகச் சொல்வேன். முதல் ஆள் என் அப்பா. அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. முன்பு காடுகரை பார்த்த குடும்பம்தான். காட்டை விட்டுவிட்டு அடுத்தவர் காட்டுப் பூவை ஏலம் போட்டு விற்றுக்கொடுக்கும் தொழிலுக்கு அப்பா வந்திருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்பிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதாவது, மாப்பிள்ளைக்குக் காத்துக்கொண்டிருந்தாள். நான் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஆடிக்கொண்டிருந்தேன் என்று அடக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பள்ளி அணியில் அடிக்கிற ஆளே நான்தான். மற்றப் பிள்ளைகள் பந்தைத் தடுப்பார்கள், தூக்கிக் கொடுப்பார்கள். ஓடிவந்து எழும்பி, அந்தரத்தில் பின்னால் வளைந்து, வலைக்கு மேலே கையை ஓங்கி இறக்குவது என் வேலை. எங்கள் பி.டி. சாருக்கு அந்த வளைவின் மேல் ஒரு பித்து. “வில்லு மாதிரி வளையிறா பாருங்கடி” என்று மற்றவர்களை நிறுத்திவைத்துக் காட்டுவார். அதைக் கேட்பதற்காகவே நான் இன்னும் கொஞ்சம் வளைவேன். முழுப் பரீட்சை முடிந்ததும் அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பார்கள், உன்னை நிச்சயம் எடுப்பார்கள் என்று சார் சொல்லியிருந்தார். அங்கே சேர்ந்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, ஷூ எல்லாம் அவர்களே. பிற்பாடு விளையாட்டை வைத்தே ஒரு வேலையும் கிடைக்கும். எனக்கு வேலையெல்லாம் பெரிதாகப் படவில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பந்து அடிக்க விடுவார்கள் என்பது ஒன்றே போதுமானதாக இருந்தது. அந்த விடுதிக்காக நான் உயிரைக்கூட விட்டிருப்பேன்.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் வலி வந்தது. இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், விரல் நுனி அகலத்துக்கு ஒரு இடம். குனிந்தால் ஒன்றும் செய்யாது. நிமிர்ந்து பின்னால் சாய்ந்தால் சுருக்கென்று பிடிக்கும். கொடியில் துணி எடுக்கக் கையைத் தூக்கினால் பிடிக்கும். ஒவ்வொரு முறை பந்தை அடித்துக் கீழே இறங்கும்போதும் பிடிக்கும். வகுப்பில் பெஞ்சில் உட்கார முடியாமல் நெளிந்தேன் என்று டீச்சர் என்னை வெளியே நிற்க வைத்தார். நிற்பது சுகமாக இருந்ததால் அது தண்டனை என்றே எனக்குத் தோன்றவில்லை.

அம்மா என்னைப் பெரியம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். எண்ணெயைத் தடவி அவள் குதிகாலை வைத்து அழுத்தியபோது நான் போட்ட கூப்பாட்டில் அடுத்த வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பிடிப்பு இறங்கும்போது அப்படித்தான் கத்தும் என்றாள் பெரியம்மா. அவள் சொன்ன தோரணையில் கத்தியது நானா பிடிப்பா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த வாரமும் போனோம். அதற்கடுத்த வாரமும் போனோம். கடைசி முறை வீட்டுக்குத் திரும்பி வரும்போது நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதைப் பார்த்துவிட்டு அக்கா யாரிடமும் கேட்காமல், மறுநாள் டைப்பிங் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லி, என்னையும் டவுன் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வீட்டில் அந்த மாதிரிக் காரியத்தைச் செய்யத் துணிந்தவள் அவள் ஒருத்திதான். இதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் பின்னால் வந்தது இவ்வளவு கசந்திருக்காது.

டாக்டர் என்னைச் சாய்த்துப் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அப்பா வந்து பிறகு விவரம் கேட்டார். முதுகெலும்பில் ஒரு வளையத்தின் பின்பக்கம் மெல்லிய விரிசல், ஒரு பக்கம் மட்டும். அடிபட்டு வந்தது இல்லை. வளர்கிற வயதில், எலும்பு முற்றுவதற்கு முன்னால், ஒரே இடத்தை ஓயாமல் வளைத்து வளைத்து வந்தது. ஒரு கம்பியை அங்கேயே மடக்கி மடக்கி எடுத்தால் எப்படி விட்டுப்போகுமோ அப்படி. இந்த மாதிரிப் பந்தயப் பிள்ளைகளுக்கு வருவதுதான், இப்போதே கண்டுபிடித்துவிட்டதால் எலும்பு ஒட்டிக் கூடிவிடும், குதிப்பதை மட்டும் நிறுத்தி ஓய்வில் வையுங்கள் என்றார் டாக்டர். பெல்ட் ஒன்றும் எழுதிக்கொடுத்தார். அம்மாவுக்கு அந்த ஓய்வு என்ற வார்த்தை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பாயை விரித்து என்னைப் படுக்கப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்துவிட்டாள்.

ஆனால் அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி என்று ஒரு அறை இருந்தது. அதில் படிப்பு முடித்துப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு மேடம் இருந்தார். எப்போது போனாலும் வறுகடலையைக் கொறித்துக்கொண்டு, வந்தவர்களை அதட்டிக்கொண்டிருப்பார். பெல்ட்டோடு விறைப்பாக நான் உள்ளே போனதும், “என்ன, மாட்டு வண்டிக்கு அச்சு முறிஞ்ச மாதிரி வர்ற?” என்றார். ஓய்வு என்றால் குதிக்காதே, வளையாதே என்று அர்த்தம், கட்டையாகக் கிட என்று அர்த்தம் இல்லை என்றார். படுத்தே கிடந்தால் விரிசல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிற தசையெல்லாம் தொய்ந்துபோகும். எழுந்து ஆடப்போன முதல் நாளே மறுபடி அதே எலும்பு வாங்கிக் கட்டிக்கொள்ளும். ஆகவே விரிசல் தன்பாட்டுக்கு ஒட்டட்டும், நாம் தசைக்கு வேலை கொடுப்போம் என்று அவர் ஆரம்பித்தார்.

வேலை என்றால் என்ன வேலை! மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி வயிற்றை இறுக்க வேண்டும், இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது. அது பழகியதும் கையையும் காலையும் மேலே தூக்கிக்கொண்டு, ஒரு கையையும் எதிர்க் காலையும் மெதுவாக இறக்கி ஏற்ற வேண்டும். அதற்குச் செத்த பூச்சி என்று பெயர். பிறகு நாலு காலில் நின்று ஒரு கை, ஒரு கால் நீட்டுவது. ஒருக்களித்து முழங்கையில் உடம்பைத் தூக்கி நிற்பது. தொடையின் பின்பக்கத்தை இழுத்து நீட்டுவது. தொடை இறுகிக் கிடந்தால் அந்த வேலையையும் இடுப்பே செய்யும், பாவம், அது எத்தனை பேர் வேலையைத்தான் பார்க்கும் என்பார் மேடம். ஸ்மாஷ் அடிக்கிற என் வளைவைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னபோது கடலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “உங்க சார் கைதட்டினாரே, அந்த வளைவுதான் உடைச்சது” என்றார். தோளையும் தொடையையும் சேர்த்து வளைந்தால் இடுப்பு தப்பும், அதைக் கடைசியில் கற்றுத் தருகிறேன், அதுவரை பந்தைத் தொட்டால் காலை ஒடித்துவிடுவேன் என்றார்.

வீட்டில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. கரப்பான் பூச்சி மல்லாக்க விழுந்தாப்புல கையக் கால ஆட்டுனா எலும்பு ஒட்டிக்கிருமாக்கும் என்று அம்மா அங்கலாய்த்தாள். உடம்பு முடியாத பிள்ளையை வேலை வாங்குகிறார்களே என்று அவளுக்கு வருத்தம். அப்பாவோ என்னைத் தாண்டிப் போய்விடுவார். அக்கா மட்டும் கூட உட்கார்ந்தாள். இடுப்பு எழும்புகிறதா என்று கீழே கையை விட்டுப் பார்ப்பாள், என் காலைப் பிடித்துக்கொள்வாள், நான் ஏமாற்றினால் தொடையில் கிள்ளுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் டைப்பிங் வகுப்புக்கு மட்டம் போடுவாள். அவளும் என்னோடு தரையில் படுத்துச் செய்து பார்த்து மூச்சிரைத்துச் சிரிப்பாள். ஐப்பசி மழை ஆரம்பித்தபோது எனக்குக் காலையில் எழும்போது வலி இல்லை. கார்த்திகையில் பெஞ்சில் உட்கார முடிந்தது. மார்கழியில் மேடம் என்னை மணலில் குதிக்கவிட்டார். சின்னக் குதி, பூனை இறங்குகிற மாதிரி சத்தம் இல்லாமல் இறங்க வேண்டும். நான் இறங்கினேன். வலிக்கவில்லை. மாசியில் பந்து, பங்குனியில் முழு ஆட்டம், விடுதித் தேர்வுக்குத் தயார் என்று மேடம் கணக்குச் சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் நானும் அக்காவும் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தோம்.

இனிச் சொல்லப்போவதில் பாதி எனக்கு அப்போது தெரியாது. பல வருஷம் கழித்து அம்மா ஒருநாள், பச்சைப் பயறு புடைத்துக்கொண்டே, ஏதோ அடுத்த வீட்டுச் சங்கதி போலச் சொன்னாள்.

அக்காவுக்கு அந்த மார்கழியில் ஒரு வரன் வந்திருந்தது. தொப்பம்பட்டிப் பக்கம், தென்னந்தோப்பும் கிணறுமாக நல்ல வசதி. மாப்பிள்ளையும் படித்தவர். கொண்டுவந்தவள் பெரியம்மாதான். எப்படி என்றால், மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தீராத இடுப்புப் பிடிப்பு. அந்த அம்மாள் அவ்வளவு தூரத்திலிருந்து பெரியம்மாவின் காலைத் தேடி வருவார். குப்புறப் படுத்திருந்தவரின் இடுப்பை நீவிக்கொண்டே, எங்க தங்கச்சி மக ஒருத்தி இருக்கா என்று பெரியம்மா பேச்சைப் போட்டிருக்கிறாள். அவர்கள் வந்து அக்காவைப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. தையில் வந்து உறுதி செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதற்கு நடுவில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குணமாகி வருவது பெரியம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது. அவளுக்கு எப்படி இருக்கும்? ஊரெல்லாம் வந்து படுக்கிற கால். சொந்தத் தங்கச்சி மகள் மூன்று தடவை படுத்தும் இறங்காமல், எவளோ நேற்று வந்தவளிடம் போய் இறங்கியது என்றால் நாளைக்கு யார் வருவார்கள்? எனவே யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், ஒரு விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். அது பிடிப்பே இல்லை, பிடிப்பாக இருந்தால் என் காலுக்கு இறங்காமல் இருக்குமா, அந்தப் பிள்ளைக்கு இடுப்பெலும்பே விட்டுப்போச்சு, டாக்டரே படம் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்று. தன் காலைக் காப்பாற்ற என் எலும்பை ஊர் முழுக்க உடைத்தாள். அடுத்த முறை நீவிக்கொள்ள வந்த மாப்பிள்ளையின் அம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். யாரிடம் சொல்கிறோம் என்பது பாதி சொல்லும்போதுதான் அவளுக்கு உறைத்ததாம். அதற்குள் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தங்கச்சிக்கு இடுப்பெலும்பு விட்டிருக்கிறது என்றால் அக்காளுக்கும் இருக்காது என்று என்ன நிச்சயம்? ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே? பேறுகாலத்தில் எலும்பு விலகினால் யார் பார்ப்பது? யோசித்துச் சொல்கிறோம் என்று தொப்பம்பட்டியிலிருந்து தகவல் வந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பேச்சு செம்பட்டி, வத்தலக்குண்டு என்று சொந்தக்காரர்கள் இருக்கிற இடமெல்லாம் பரவினால் அக்காவுக்கு வேறு எந்த இடமும் அமையாது என்று அம்மா அழுதாள். இதை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இது குதிக்கிற பிள்ளைக்கு வருவது, பரம்பரைச் சீக்கு இல்லை என்று சொல்லியிருப்பார். அக்காவின் இடுப்பை ஒரு படம் எடுத்துக் காட்டியிருந்தாலும் முடிந்திருக்கும். ஆனால் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போனால் அதுவே பேச்சாகிவிடாதா என்றாள் அம்மா, பயறைப் புடைத்துக்கொண்டே.

அப்பா வேறு வழி கண்டுபிடித்தார். அது அவருடைய மார்க்கெட் வழி. மூட்டையின் மேலே நல்ல பூ, அடியில் வாடல் என்று வாங்க வந்தவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் எவ்வளவு பேசியும் பிரயோசனம் இல்லை. மூட்டையைத் தூக்கி அவன் கண்ணெதிரே கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். பார்த்துவிட்டானென்றால் பேச்சு நின்றுபோகும். அப்பா என்னைக் கவிழ்த்துக் கொட்டத் தீர்மானித்தார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். பொங்கலை ஒட்டி, எங்கள் பள்ளி மைதானத்தில் பெண்களுக்கான வாலிபால் போட்டி. நான் ஆடப் போவதில்லை, மேடம் மாசி என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள் கடையிலிருந்து வந்த அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“ஏத்தா, இப்ப வலி இருக்கா?”

“இல்லப்பா.”

“அப்ப இந்தப் பொங்கலுக்கு ஆடு. அப்பா வந்து பாக்குறேன்.”

வாழ்நாளில் ஒருதடவைகூட மைதானத்தின் வாசலை மிதித்திராத மனிதர்! பொம்பளப் பிள்ளை டவுசர் போட்டுக்கொண்டு குதிப்பதா என்று நான் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர். அவரே வந்து பார்க்கிறேன் என்கிறார். புதுக் கேன்வாஸ் ஷூ வேறு வாங்கி வந்திருந்தார். மேடம் மாசி என்றாரே என்று நான் இழுத்தேன். டாக்டரிடம் பேசிவிட்டேன், ஆடலாம் என்று சொல்லிவிட்டார் என்றார் அப்பா. பேசவில்லை. அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் பொங்கல் வேலை இருக்கிறது என்று அம்மா போக விடவில்லை. பி.டி. சாரிடமும் அப்பாவே போய்ப் பிள்ளைக்கு முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். அடிக்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த சார் அதற்குமேல் ஏன் கேட்கப்போகிறார்? அக்கா போட்டிக்கு முந்தின இரண்டு நாளும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஷூவுக்குக் கயிறு கோத்துக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு மட்டும் புது ஷூ வந்ததில் அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டியன்று மத்தியானத்துக்குமேல் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். அவர்களோடு எனக்குத் தெரியாத நாலைந்து பேர். அவர்களுக்கென்று அப்பா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போடச்சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்று கூட ஆடுகிற பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். எங்கள் வீட்டுச் சம்பந்தக்காரர்கள் என் ஆட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள்! எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

முதல் செட்டில் மேடம் சொன்னபடிதான் ஆடினேன். வளையாமல், மெதுவாக இறங்கி, பந்தைத் தட்டிவிட்டேன். முன்வரிசையில் யாரும் அசையவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அப்பாவின் முகம் சுருங்கியது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நான் நன்றாக ஆடவில்லை என்று வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். இடைவேளையில் அவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

“நல்லாக் குதிச்சு ஆடுத்தா. அம்புட்டுப் பேரும் ஒன்னையத்தான் பாக்குறாக.”

அதற்குமேல் ஒரு பிள்ளைக்கு என்ன வேண்டும்? அடுத்த பந்து மேலே வந்ததும் நான் ஓடிவந்து எழும்பி, பழைய மாதிரி, வில்லாக வளைந்து, முழுக் கையும் வீசி அடித்தேன். எதிரணிப் பெண் இரண்டு கையையும் கும்பிட்ட மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள், பந்து அவளைத் தாண்டி விழுந்து எல்லையில் உருண்டது. முன்வரிசையில் கைதட்டினார்கள். நான் இன்னொன்று அடித்தேன். இன்னொன்று. கடைசி செட்டின் நடுவில், இறங்கும்போது, இடுப்பில் வெந்நீரை ஊற்றின மாதிரி சூடாக ஒன்று பரவியது. வலது பக்கமும் பரவியது. கண் இருட்டி வெளிச்சம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தை முடித்தேன். ஜெயித்தோம்.

அந்த ஆட்டத்துக்கு அப்புறம் நான் பந்து ஆடவில்லை. பொங்கல் கழிந்து, காலை நீட்டிப் படுக்க முடியாமல் போன பிறகு, அக்காதான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இப்போது இரண்டு பக்கமும் விரிசல், எலும்பு கொஞ்சம் முன்னால் நகர்ந்தும் இருந்தது. மேடம் என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, யார் ஆடச் சொன்னது என்று அக்காவைக் கேட்டார். அக்கா குனிந்து என் பெல்ட்டின் வாரைச் சரிசெய்யத் தொடங்கினாள். நடக்கலாம், வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம், எல்லாம் செய்யலாம், குதிக்கிறதை மட்டும் விட்டுவிடு என்றார் மேடம். இன்னும் ரெண்டு மாசம் பொறுத்திருந்தா என்று ஆரம்பித்தவர் அதை முடிக்காமல் வெளியே போய்விட்டார். விடுதித் தேர்வுக்கு எனக்குப் பந்து தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளை போனாள், அவளை எடுத்தும்கொண்டார்கள். இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறாள். நான் வத்தலக்குண்டில் ஒரு அலுவலகத்தில் உட்காருகிறேன். மத்தியானத்துக்குமேல் உட்கார முடியாது, எழுந்து நின்றுதான் வேலை பார்ப்பேன். அக்காவுக்குத் தொப்பம்பட்டியில் இரண்டு பிள்ளைகள். இரண்டும் சுகப்பிரசவம். எங்கள் வீட்டுப் பெண்களின் இடுப்பு உரல் மாதிரி என்று அவள் மாமியார் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். நான் எதிரில் இருந்தாலும் சொல்வார். எனக்குக் கோபம் வருகிறதா என்றால் வருகிறது. இத்தனை வருஷம் கழித்தும் வருகிறது. அக்காவிடம் இதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஆனால் போட்டியன்று சாயங்காலம் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். காலை அகட்டி அகட்டி நடந்து போனேன், ஆட்டக்காரர்கள் நடக்கிற தோரணை என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். வியர்வையில் நனைந்து, மண்ணும் புழுதியுமாக நின்ற என்னைக் கொஞ்சமும் அருவருப்பில்லாமல் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “வா கண்ணு” என்று முதுகைத் தடவினார். பிறகு அவருடைய கட்டைவிரல் பனியனுக்கு மேலேயே என் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டே இறங்கியது. இடுப்புக்குச் சற்று மேலே வந்து நின்று, அங்கேயே ஊன்றியது.

“ஏன் கண்ணு, இங்க நோவுதா?”

எனக்கு உயிர் போனது. இத்தனை அன்பாக என் முதுகை யாரும் தடவியதில்லை என்றும் அதே நேரத்தில் தோன்றியது. வலிக்கிறது என்று சொன்னால் அப்பா இனி என் ஆட்டத்தைப் பார்க்க வரவே மாட்டார். அம்மா சிரித்த முகத்தை மாற்றாமல் நின்றாள். அக்கா அந்த அம்மாளின் தோளுக்குப் பின்னால், சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பாராட்டிப் பேசுவதைக் கேட்க ஆசையாக நிற்கிறாள் என்று நினைத்தேன்.

“இல்லீங்க” என்றேன். தொப்பம்பட்டிப் பக்கம் ‘ங்க’ போட்டுப் பேசுகிற மாதிரியே சொன்னதில் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த அம்மாள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார். “மாசியிலயே ஒரு நல்ல நாளாப் பாத்துருங்க” என்றார். அக்கா பின்னாலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இரண்டு நாளாகப் பேசாமல் இருந்ததற்காக அழுகிறாள் என்று நான் அவளைச் சமாதானம் செய்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, வலிக்காமல் இருக்க டெஸ்க்கில் சாய்ந்து நின்றுகொண்டு, வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். என் ஸ்மாஷைப் பார்த்துத்தான் எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. சத்தியமாக, என் தலைமேல் சத்தியமாக என்று நான் கையடித்துச் சொன்னேன். அது எவ்வளவு பெரிய நிஜம் என்று அப்போது எனக்குத் தெரியாது.